பத்மலோசனியின் தீபாவளி முறுக்கு

"கடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாம எந்த ஊர்லடி முறுக்கு சுடுவாங்க? போன வருஷம் அக்கம்பக்கத்துக்குக் குடுத்தனுப்பிட்டு வாசல்ல தல காட்ட முடியல. நமுத்துப்போன முறுக்குன்னு தெருவே சிரிச்சுது."

காப்பிக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் குஞ்சம்மாள் ஆரம்பித்துவிட்டாள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையில் அவளுடைய மூத்த மருமகள் அஞ்சலாட்சி, களைந்த அரிசியை வெள்ளைத் துணியில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. நெல்லித்தோப்பில் அந்த ஓட்டு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் பதில் சொன்னதில்லை. அதை அவளுடைய குணம் என்று எல்லோரும் சொன்னார்கள். முன்பு அது குணமாகவே இருந்திருக்கலாம். இப்போது இல்லை. இப்போது அவள் வாயை மூடிவைத்திருந்தவை சத்தியங்கள். ஒன்று மாமியாருக்குச் செய்தது. இன்னொன்று புருஷனுக்கு.

"இந்த வருஷம் அந்தப் பேச்சே வராது அத்த," என்று கமலா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். இளைய மருமகள். கடலூரில் எட்டாவது வரை படித்தவள். பட்டாளத்திலிருந்து புருஷன் அனுப்பும் பணத்தில் வாரப் பத்திரிகை வாங்குகிறவள். அவள் மடியில் புதுத் தீபாவளி மலர் விரிந்திருந்தது. "பத்மலோசனி வீட்டுப் பலகாரம்னு போட்டிருக்கான் பாருங்க. முறுக்கு, சோமாசி, அதிரசம், எல்லாம் அவங்களே செய்யறதாம்."

பக்கம் முழுக்க நடிகையின் படம். பட்டுச் சேலை, வைர மூக்குத்தி, நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கையில் முறுக்கு அச்சு. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

முகச் சவரம் செய்துகொண்டிருந்த கலியமூர்த்தி நுரையோடு எட்டிப் பார்த்தான். ஊரார் இன்னும் மேரி என்றே சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் அவன் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் அவனுடைய மேலதிகாரி ஒகுஸ்த் மாறவில்லை. கலியமூர்த்தியின் முதுகும் நிமிரவில்லை.

"இந்தா அஞ்சல, நல்லாக் கேட்டுக்க. தீபாவளி அன்னைக்கு முசியே ஒகுஸ்தும் மதாமும் நம்ம வீட்டுக்குப் பலகாரம் சாப்பிட வராங்க. அந்தப் புஸ்தகத்துல என்னா இருக்குதோ அதப்படியே செய்யி. உன் கைவரிசையக் காட்டாத. பரிமாறறது கமலா. நீ அடுப்பங்கரைய விட்டு வெளிய வராத."

"ஏன் நானு வரக்கூடாது?" என்று அவள் கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

"படி கமலா," என்றான்.

கமலா படித்தாள். பச்சரிசி மாவு, வறுத்த உளுந்து மாவு, அதற்குச் சரிபாதி பொட்டுக்கடலை மாவு, வெண்ணெய். தண்ணீருக்குப் பதில் சூடான தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைய வேண்டும். அஞ்சலாட்சியின் கை அரிசியின் மேல் நின்றது.

"இதக் கேளுங்க. 'பதம் பார்க்க முறுக்கைப் பல்லால் கடிக்கக் கூடாது. ஒரு விள்ளல் எடுத்து நாக்கால் மேல்வாயில் அழுத்தினால் தானாகக் கரைய வேண்டும்.' நாகரிகமான பொம்பள இல்ல, எப்படி நாசூக்கா பதம் பாக்கறாங்க பாருங்க."

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த குஞ்சம்மாளின் விரல்களும் நின்றன. அவள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி மருமகளைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

காரணம் இதுதான். அறுபது வயதிலும் கொட்டைப்பாக்கைப் பல்லால் உடைப்பவள் என்று தெருவில் குஞ்சம்மாளுக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தே சம்பந்திகளைச் சண்டைக்கு இழுத்திருக்கிறாள். ஆனால் அந்தப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் வெள்ளைக்காரத் தெருப் பல் டாக்டரிடம் செட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். கண் வலி என்று வீட்டில் பொய். கூடப் போனவள் அஞ்சலாட்சி. 'உயிரே போனாலும் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சாமி மேல அடி' என்றாள் மாமியார். அஞ்சலாட்சி அடித்தாள். செட்டு ஈறைக் கடித்தது. சோற்றைக் குழைத்தும், ஆப்பத்தைப் பாலில் ஊறவைத்தும், மற்றவர்களுக்குத் தெரியாமல் அந்தக் கிழவிக்கு அஞ்சலாட்சிதான் சாப்பாடு போட்டாள். வாயில் போட்டால் கரைகிற முறுக்கும் அப்படி வந்ததுதான். மாவை மாற்றி மாற்றிப் பிசைந்து, தானே பல்லை உபயோகிக்காமல் நாக்கால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தது. அதைத் தின்றுவிட்டுத்தான், பல்லிருக்கிறவள்போல ஊருக்கு முன்னால், 'கடிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல' என்று மாமியார் ஏசினாள்.

கமலா கடைக்குப் போனதும் குஞ்சம்மாள் அடுப்பங்கரைக்கு வந்தாள். குரலை அடக்கிப் பேசினாள். அடக்கிய குரல் இன்னும் மோசமாக இருந்தது.

"அந்தக் கூத்தாடிக்கு இந்தப் பதம் எப்படிடி தெரியும்? நாக்கால அழுத்திப் பாக்கறது இந்த ஊர்லயே நீ ஒருத்தி. யாருகிட்ட சொன்ன? என் பல்லு கதைய மெட்ராஸ் வரைக்கும் வித்துட்டியா?"

"அத்த, உங்க பேச்ச நானு யாருகிட்டயும் எடுக்கல."

"அப்ப அவளுக்கு யாரு சொன்னா? காக்கா வந்து சொல்லுச்சா?"

அஞ்சலாட்சிக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் புருஷனுக்குச் செய்த சத்தியம் குறுக்கே நின்றது. அது மகள் செல்வாம்பாளின் தலையில் கைவைத்து அடித்தது.

ஆடி மாதம் கடற்கரையில் படப்பிடிப்பு நடந்தது. பத்மலோசனி ஒகுஸ்த் வீட்டு மாடியில் தங்கினாள். வயிற்றுக்கோளாறு, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, நம் வீட்டுச் சமையல் செய்ய ஓர் ஆள் கிடைக்குமா என்று ஒகுஸ்தின் மனைவி மதாம் செசில் கேட்க, 'எங்க தெருவுல ஒரு சமையல்காரி இருக்கா, ஆயம்மான்னு பேரு, அனுப்பி வைக்கிறேன்' என்றான் கலியமூர்த்தி. வீட்டுக்கு வந்து பொண்டாட்டியிடம், 'நீதான் ஆயம்மா' என்றான். அம்மாவிடம், கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் அஞ்சலாட்சியின் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்றான். கூத்தாடிக்குச் சமைக்கப் போன குடும்பம் என்ற பேர் வரக்கூடாதாம். ஆனால் அதிகாரியின் தயவு மட்டும் வேண்டுமாம். அந்த மாதம் முழுக்க அங்கேயே தங்கி, நடிகையின் வயிற்றுக்கு ஒத்த அந்த முறுக்கைச் சுட்டுக் கொடுத்தாள், கேட்டபோது பதத்தையும் சொன்னாள்.

இடையில் மாமனார் தெவசம் வந்தது. 'அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு வந்துட்டுப் போறேங்க' என்று ஒகுஸ்த் வீட்டுப் பின்கட்டு வாசலில் நின்று அவனிடம் கெஞ்சினாள். 'அன்னைக்குத்தான் அந்தம்மாவுக்கு விருந்தாளிங்க வராங்க, கழுத்தறுக்காத' என்று சொல்லிவிட்டுப் போனான். மூத்த மருமகள் இல்லாமல் படையல் நடந்தது. அதற்குப் பிறகு குஞ்சம்மாள் தெவசத்தைச் சொல்லிக் காட்டாத வெள்ளிக்கிழமை கிடையாது.

"வாய அடச்சுக்கிட்டியா?" என்றாள் குஞ்சம்மாள். "இவ்ளோ நாளு யோசிச்சுக்கிட்டிருந்தேன். இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. கௌரி நோன்ப இந்த வருஷம் கமலாகிட்ட குடுக்கறேன். புருஷன் வூட்டுப் பெரியவரு தெவசத்துக்கு இல்லாத கைக்கும், மாமியார ஊர் சிரிக்க விக்கற வாய்க்கும் நோன்புக் கயிறு எதுக்கு?"

அந்தக் குடும்பத்தில் தீபாவளி அமாவாசை நோன்பு மாமியாரிடமிருந்து மூத்த மருமகளுக்கு வரும். கலசத்தில் சுற்றிய மஞ்சள் கயிற்றை அவள் கையில் கட்டினால் அந்த வீடு அவளுடையது. இளையவளுக்குப் போனால் மூத்தவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். சாகும்வரை. அஞ்சலாட்சி அழவில்லை. உரல் பக்கம் போய், இடிக்க வேண்டிய மாவை விட அதிகமாக இடித்தாள்.

அவள் அந்த வருஷமும் தன் முறுக்கையே சுட்டாள். வேறெதைச் சுடுவாள்? மலரில் இருந்ததே அதுதான். நோன்புக்கு வேண்டிய அதிரசத்தைப் படைக்கத் தனியே எடுத்து வைத்தாள். கலியமூர்த்தி முறுக்குத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.

"வெண்ண மாதிரி கரையுதே. இதாண்டி முறுக்கு. இத்தினி வருஷமா நீயும் சுட்டியே. நட்சத்திரம்னா நட்சத்திரந்தான்."

"நல்லா இருக்குதா?"

"கேக்கணுமா? அந்தம்மா கைபாகத்துல பாதி உனக்கு இருந்தா நானு ஏன் இப்படி இருக்கேன்?"

அஞ்சலாட்சி அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். பிறகு சட்டியை இறக்கி வைத்தாள்.

தீபாவளி அன்று காலை ஒகுஸ்தும் செசிலும் வந்தார்கள். அவர் கோட்டு போட்டு, தடியூன்றி வந்தார். கருத்துப் பருத்த தமிழர், பேச்சு மட்டும் பாரீசு. செசில் அம்மா தமிழில்தான் பேசினாள். கமலா புதுச்சேலையில் தட்டேந்தி வந்து 'போன்ழூர் மதாம்' என்றாள். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பழகியிருந்தாள். குஞ்சம்மாள் பெரிய மனுஷியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

செசில் ஒரு முறுக்கை எடுத்து, ஒரு விள்ளல் வாயில் போட்டாள். மெல்லவில்லை. நாக்கால் அழுத்திவிட்டுச் சிரித்தாள்.

"இது யார் செய்தது?"

"பத்மலோசனி அம்மா புஸ்தகத்துல எழுதினது, மதாம்," என்றான் கலியமூர்த்தி. "எங்க கமலாதான்..."

"இல்லை இல்லை. இந்த முறுக்கு எனக்குத் தெரியும். ஆடி மாசம் முழுக்க எங்க வீட்டில் தின்றிருக்கிறேன்." அவள் எழுந்துவிட்டாள். "அவளை இங்கேயும் வரவழைத்திருக்கிறீர்களா? பார்க்கணும்."

"மதாம், அங்க புகை, நீங்க உக்காருங்க, மதாம்..."

செசில் அதற்குள் அடுப்பங்கரை வாசலுக்குப் போய்விட்டாள். "ஆயம்மா," என்று சந்தோஷமாகக் கூப்பிட்டாள். "நீதானா? உன் கை ருசி எனக்கு மறக்குமா?"

குஞ்சம்மாள் மெல்லக் கேட்டாள்: "எவ அது ஆயம்மா?"

"அம்மா, அது ஒண்ணுமில்ல," என்று கலியமூர்த்தி எழுந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. "மதாம், இவங்க... இவ வந்து... ஆமா, ஒத்தாசைக்குக் கூப்பிட்டிருந்தேன். சமையல்காரி."

சொல்லிவிட்டான். பெற்ற தாய்க்கும், பெற்ற மகளுக்கும், தம்பி பொண்டாட்டிக்கும் முன்னால் சொன்னான். கமலாவின் கையில் தட்டு சாய்ந்து ஒரு சோமாசி தரையில் விழுந்தது.

அஞ்சலாட்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வரக்கூடாதென்று சொல்லியிருந்த கூடம். வாயைத் திறந்தாள். மகளைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

செல்வாம்பாளுக்குப் பன்னிரண்டு வயது. பாவாடையைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "என் தலமேல அடிச்ச சத்தியந்தான? என் தலைய நானு பாத்துக்கறேன். நீ சொல்லும்மா."

அதன் பிறகு அஞ்சலாட்சியை யாரும் நிறுத்த முடியவில்லை.

"அவரு சொல்றது சரிதான் மதாம். சமையல்காரிதான். தாலி கட்டிக்கிட்டு வந்த சமையல்காரி. என் பேரு ஆயம்மா இல்ல, அஞ்சலாட்சி. இதோ நிக்கறாரே, இவரு பொண்டாட்டி. அதிகாரிய குளுந்து போகச் செய்யறதுக்குப் பொண்டாட்டிய அனுப்பணும், ஆனா பொண்டாட்டின்னு சொன்னா கௌரவம் போயிடும். அதுக்காக எனக்கு வேற பேரு வச்சாரு. நாய்க்குட்டிக்கு வைக்கறாப்புல."

"ஏய், வாய மூடு."

"மூடித்தான இருந்தேன்? என்னா கெடச்சுது? என் முறுக்க எவளோ படத்துக்கு நின்னவ பேர்ல படிச்சுக் காட்டி, அதப் பாத்துக் கத்துக்கன்னு எனக்கே சொன்னீங்க. தின்னுட்டு, உனக்குக் கைபாகம் இல்லன்னு சொன்னீங்க. எந்த வாயி தின்னுச்சோ அதே வாயி."

செசிலின் முகம் வெளுத்திருந்தது. "உன் பெயரைப் போடுவேன் என்று அவள் சொன்னாளே. போடவில்லையா?"

"எந்தப் பேரப் போடுவாங்க மதாம்? அவங்களுக்கும் ஆயம்மாதான."

ஒகுஸ்த் தொண்டையைக் கனைத்தார். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிரெஞ்சில் ஏதோ தொடங்கி நிறுத்திக்கொண்டார். செசில் கலியமூர்த்தியைத் திரும்பியும் பார்க்காமல் அஞ்சலாட்சியின் கையைப் பிடித்தாள்.

"ஒரு நாள் எங்கள் தோட்டத்தில் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அழுதாயே. கேட்டதற்கு, மாமனார் தெவசம், வீட்டுக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை என்றாய். உனக்கும் ஒரு வீடு இருக்கிறதே, ஏன் போகவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை."

குஞ்சம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"காக்காவுக்குச் சோறு வச்சியா?" என்றாள்.

அஞ்சலாட்சி தலையசைத்தாள். "அவருக்குப் புடிச்ச கத்திரிக்கா கொழம்பும் வச்சேன் அத்த. நானு வரலன்னு நீங்க சொன்னீங்க. என்னால வர முடியலன்னு சொல்ல எனக்கு வாயி இல்ல."

"கனகசெட்டிக்குளம்..."

"அக்கா நல்லாத்தான் இருக்கா. அவளுக்குத் தெரியவே தெரியாது."

கிழவி மகனைப் பார்த்தாள். அடிப்பாள் என்று கமலா நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. கூடத்து மாடத்திலிருந்து தண்ணீர் டம்ளரை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தாள். எல்லோரும் பார்க்க, வாய்க்குள் விரலை விட்டு, மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றினாள். டம்ளரில் போட்டாள். பற்கள் தண்ணீரில் இறங்கி, அடியில் போய்ச் சிரித்துக்கொண்டு கிடந்தன. குஞ்சம்மாளின் முகம் ஒரு நொடியில் இருபது வருஷம் குழிந்துபோயிற்று.

"பாத்துக்கங்க," என்றாள். காற்றும் எச்சிலுமாகச் சொற்கள் குழறின. "கொட்டப்பாக்க ஒடைக்கற குஞ்சம்மாளு. எல்லாம் போயி மூணு வருஷம் ஆவுது. இவ ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்காகத்தான் முறுக்குக்குப் பதம் மாத்துனா. நானு தின்னுட்டு, ஊருக்கு முன்னால இவளையே ஏசுனேன். பல்லு இருக்கறவ மாதிரி பேசணுமில்ல, அதுக்கு." அவள் மகன் பக்கம் திரும்பினாள். "நானு பொய்யி. நீ என் வயித்துல பொறந்த பொய்யி. நம்ம ரெண்டு பேரு பொய்யையும் இவ ஒருத்தி தலையில சுமந்தா."

தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து ஈறில் வைத்து அழுத்தினாள். அது கரைந்தது. கண்ணீர் உதட்டோரம் வந்து அதோடு சேர்ந்தது.

"அத்த, போதும்," என்றாள் அஞ்சலாட்சி. அதுவரை இறுகியிருந்த அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "விருந்தாளி முன்னால ஏன் அத்த கழட்டுனீங்க..."

"நீ மானத்த விட்டுப் பேசல? நானும் விட்டுட்டேன் போ. ஈறு வலி விட்டுது." கிழவி கையை நீட்டினாள். அஞ்சலாட்சி போய் அந்தக் கைகளுக்குள் விழுந்தாள். இவள் அழுதாள், அவளும் அழுதாள். குழிந்த வாய் மருமகளின் தோளில் பதிந்திருந்தது.

சாயங்காலம் கலசம் வைத்து நோன்பு நடந்தது. அதிரசத்தைக் கமலா எடுத்து வந்து அடுக்கினாள். மலர் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. தீபாராதனை முடிந்ததும் குஞ்சம்மாள் மஞ்சள் கயிற்றை எடுத்து, "மூத்தவளே, வா," என்றாள்.

மனைவிக்குப் புருஷன் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். நாளெல்லாம் தலைகுனிந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி எழுந்து வந்து தாயின் கையிலிருந்து கயிற்றை வாங்கினான்.

அஞ்சலாட்சி கையை நீட்டவில்லை.

"அத்த கட்டட்டும்."

"நானு உசிரோடதான இருக்கேன் அஞ்சல?" என்றான். "தப்புதான். புத்தி கெட்டுப் போச்சு. மன்னிச்சுடுன்னு சொல்றேனே..."

"அடுப்பங்கரையில வந்து மன்னிச்சுடுன்னா? சமையல்காரின்னு நாலு பேருக்கு முன்னால சொன்னீங்க. பொண்டாட்டின்னும் அங்கதான் சொல்லணும். நானு யாருன்னு நானு சொல்லிட்டேன். நீங்க இன்னும் சொல்லல. முசியே வீட்டுக்குப் போயி உங்க வாயால சொல்லிட்டு வாங்க. அப்பறம் அடுத்த வருஷம் கயித்துக்குக் கைய நீட்டறேன்."

"நாளைக்கி ஆபீசுல அந்தாளு மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"நானு ஆயம்மான்ற பேர்ல ஆடி மாசம் பூரா முழிச்சேனே. அப்படித்தான்."

அவன் தாயைப் பார்த்தான். குஞ்சம்மாள் அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். மருமகளின் இடக்கையில் மூன்று முடிச்சுப் போட்டாள். முடிச்சை இறுக்கப் பல் இல்லாததால் இறுகும்வரை விரலாலேயே இழுத்தாள்.

கலியமூர்த்தி ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். வெள்ளைக்காரத் தெருப் பக்கம்தான் போனான். போய்ச் சொன்னானா, பாதி வழியில் நின்றானா என்று பார்க்க அஞ்சலாட்சி வாசலுக்கு வரவில்லை. கூடத்து நடுவில், ஆண்கள் உட்காரும் இடத்தில், இலை போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் மகளை உட்கார வைத்துக்கொண்டாள்.

குஞ்சம்மாள் பல்லில்லாத வாயோடு குனிந்து பரிமாறினாள்.

"சோறு போதுமாடி?"

"இன்னுங் கொஞ்சம் வைங்க அத்த," என்றாள் அஞ்சலாட்சி. "பசிக்குது."